கொல்லன் பட்டறையில் எழுந்த கல்லூரி: வில்லியம் டிக் எனும் ஆசிரியர்

குதிரை பேசாது. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நேற்று என்ன தின்றது என்று அதனிடம் கேட்டறிய முடியாது. ஐந்தாறு மனிதர்களின் எடை கொண்ட ஒரு மிருகம் வலியில் நிற்கும்போது கிட்டே போவதற்கே துணிவு வேண்டும். எந்தப் பக்கத்தால் நெருங்குவது, எங்கே கை வைப்பது, பின்னங்காலை எப்படித் தூக்குவது என்பவை தெரியாதவருக்குப் புத்தகத்திலுள்ள எந்த மருந்தும் உதவாது. சான்றிதழ் கையிலிருந்தும் உதையை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே குதிரைக்கு வைத்தியம் பார்க்கப் போகும் மாணவரை எப்படிப் பயிற்றுவிப்பது என்பது பழைய கேள்வி. இந்தக் கேள்விக்குத் தமது வாழ்நாளையே விடையாகக் கொடுத்தவர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த வில்லியம் டிக். அவர் மரணித்து 150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் தொடங்கிய கல்லூரி இன்றும் இயங்குகிறது; அவரது பெயரைச் சொல்லியே மக்கள் அதனை அழைக்கிறார்கள். மிருக வைத்தியத் துறைக்கு வெளியே உள்ளவர்களும், குறிப்பாகக் கற்பித்தல் தொழிலில் இருக்கும் என் போன்றவர்களும் அவரது வாழ்க்கையை அறிந்திருப்பது நல்லது.

லாடம் அடிப்பவரின் மகன்

1793 ஆம் ஆண்டு மே மாதத்தில் எடின்பரோவின் பழைய பகுதியான கெனன்கேட்டில், வைட் ஹோர்ஸ் குளோஸ் என்ற முடுக்கில் வில்லியம் டிக் பிறந்தார். அந்த முடுக்கின் பெயருக்கு வெள்ளைக் குதிரை முற்றம் என்று பொருள் கொள்ளலாம். அவரது தந்தை ஜோன் டிக், அபர்டீன் பக்கத்துக் கிராமப்புறத்திலிருந்து நகருக்கு வந்து குதிரைகளுக்கு லாடம் அடித்துப் பிழைத்தவர். 

அக்காலத்தில் லாடம் அடிப்பவர் இரும்பை வளைத்து ஆணி அறைவதோடு நின்றுவிடுவதில்லை. குதிரை நொண்டினால், சாணமிடாமல் புரண்டால், இருமினால் உரிமையாளர் முதலில் ஓடிவருவது அவரிடம்தான். அவரிடம் பரம்பரையாக வந்த கைமருந்துகளும் நீண்ட அனுபவமும் இருந்தன. கூடவே ஏராளமான மூட நம்பிக்கைகளும் இருந்தன. நோயின் காரணம் தெரியாமலே இரத்தத்தை வடிப்பதும், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதும் சாதாரணமாக நடந்தன.

சிறுவன் வில்லியம் இந்தப் பட்டறையில்தான் வளர்ந்தான். துருத்தி ஊதினான், குளம்பைச் சீவினான், முரட்டுக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டான். அன்றைய நகரம் முழுவதும் குதிரையை நம்பியே இயங்கியது. நிலக்கரி வண்டி, மதுபான ஆலை வண்டி, தபால் வண்டி, சீமான்களின் சாரட்டு, வயலில் ஏர் எல்லாவற்றையும் குதிரையே இழுத்தது. ஒரு வண்டிக்காரரின் குதிரை ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரியாது. ஆகவே பட்டறைக்கு வரும் ஒவ்வொரு நொண்டிக் குதிரைக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் சாப்பாடு இருந்தது. இந்த உண்மையை வில்லியம் டிக் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டார்.

இரண்டு ஆசான்கள்

தந்தையின் தொழிலோடு அவர் நின்றுவிடவில்லை. அந்நாளில் எடின்பரோ மனித வைத்தியக் கல்விக்கு ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனியாக உடற்கூற்றியல் வகுப்புகள் நடத்திய ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜோன் பார்க்லே, மனித உடலை மற்ற மிருகங்களின் உடலோடு ஒப்பிட்டுக் கற்பிப்பதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு பேராசிரியர் பதவி உருவாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அங்கிருந்த பேராசிரியர்கள் அதனை எதிர்த்தார்கள். பார்க்லே ஒரு யானையின் எலும்புக்கூட்டில் ஏறிப் பல்கலைக்கழக வாசலுக்குள் நுழைய முயல்வது போல ஜோன் கே என்பவர் அப்போது வரைந்த கேலிச்சித்திரம் இன்றும் பேசப்படுகிறது.

இந்தப் பார்க்லேயின் வகுப்பில் லாடம் அடிப்பவரின் மகன் வந்து அமர்ந்தார். வைத்தியராகப் போகும் கனவான்களின் பிள்ளைகளுக்கு நடுவே கொல்லன் பட்டறையின் கரி படிந்த கைகளோடு ஓர் இளைஞர். ஆனால் அந்தக் கைகள் ஏற்கெனவே ஆயிரம் குளம்புகளைத் தொட்டவை. பட்டறையில் வெளியிலிருந்து பார்த்ததன் உள்ளமைப்பை அவர் பார்க்லேயிடம் கண்டுகொண்டார். பார்க்லே அவரிடம் திறமையைக் கண்டார். கடைசிவரை அவருக்குத் துணை நின்றார். இவ்வாறு தந்தை கையைப் பழக்கினார், பார்க்லே கண்ணைத் திறந்தார். டிக்கின் பின்னாளைய வாழ்வு முழுவதும் இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் முயற்சிதான்.

லண்டனில் கண்டதும் காணாததும்

உலகின் முதலாவது மிருக வைத்தியப் பாடசாலை 1761 இல் பிரான்ஸின் லியோன் நகரில் குளோட் பூர்ஷெலா என்பவரால் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் முதலாவது கல்லூரி 1791 இல் லண்டனில் உருவானது. அதன் முதல் பேராசிரியர் 1793 இல், அதாவது டிக் பிறந்த அதே ஆண்டில், காலமானார். அடுத்து வந்த எட்வர்ட் கோல்மன் மனிதர்களுக்குச் சத்திர சிகிச்சை செய்யப் பயின்றவர். பதவியேற்றபோது அவருக்குக் குதிரைகளோடு அதிக பழக்கம் இருக்கவில்லை. ஆயினும் 1839 வரை, 45 ஆண்டுகள் அவரே அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தார்.

1817 இன் பிற்பகுதியில் டிக் லண்டன் சென்று கோல்மனின் மாணவரானார். மூன்று மாதங்களளவில், 1818 இன் தொடக்கத்தில், சான்றிதழும் பெற்றுவிட்டார். பட்டறையிலும் பார்க்லேயிடமும் கற்றுவிட்டுப் போனவருக்கு அந்தக் காலம் போதுமானதாக இருக்கலாம். ஆனால் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தறியாத ஒருவர் சில மாதங்கள் விரிவுரை கேட்டுவிட்டு அதே சான்றிதழோடு வெளியேறினால் என்ன ஆகும்? அக்காலத்தில் லண்டன் கல்லூரியின் மீது பலரும் வைத்த குற்றச்சாட்டு இதுதான். அத்தோடு அங்கே குதிரை மட்டுமே பாடமாக இருந்தது; விவசாயியின் மாடும் ஆடும் பெரும்பாலும் கவனிக்கப்படவில்லை.

ஊர் திரும்பிய டிக்கின் மனதில் ஒரு கல்லூரி பற்றிய எண்ணம் இருந்தது. பணமோ கட்டடமோ இருக்கவில்லை. தொடக்கத்தில் அவர் விரிவுரை ஆற்ற முயன்றபோது கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர் விட்டுவிடவில்லை. பகலில் தந்தையோடு தொழில், ஓய்வு நேரத்தில் வகுப்பு என்று சில ஆண்டுகள் கடந்தன. 1823 இல் ஸ்கொட்லாந்தின் விவசாய மேம்பாட்டுக்காக இயங்கிய ஹைலண்ட் சங்கம், பார்க்லே போன்றோரின் ஆதரவுடன் 50 பவுண் பணம் ஒதுக்கி டிக்கின் வகுப்புகளுக்குத் தனது அனுசரணையை வழங்கியது. அந்த ஆண்டே கல்லூரியின் தொடக்க ஆண்டாகக் கொள்ளப்படுகிறது. 

பத்து வருடங்களின் பின்னர், 1833 இல், கிளைட் வீதியில் குடும்பத்தின் பட்டறை இருந்த இடத்திலேயே தமது சொந்தச் சம்பாத்தியத்தில் கல்லூரிக் கட்டடத்தை எழுப்பினார். இந்த இடத்தெரிவை நாம் கவனிக்க வேண்டும். பெயரும் பணமும் வந்த பிறகு பட்டறையை மூடிவிட்டு, கரியும் சாணமும் அண்டாத ஓரிடத்தில் மண்டபம் கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு பக்கம் விரிவுரை மண்டபமும் உடற்கூற்றியல் அறையும், மறு பக்கம் உலையும் குதிரை லாயமும் என்றே அவரது கல்லூரி அமைந்தது.

முற்றமே வகுப்பறை

அங்கே மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, அக்காலக் குதிரை வைத்தியர் ஒருவரின் சாதாரண நாளைப் பார்க்க வேண்டும். அபூர்வ நோய்கள் ஆண்டுக்கு ஓரிரு தடவை வரும். அன்றாடம் வருபவை ஒருசில மட்டுமே.

முதலாவது நொண்டல். குதிரையின் நோய்களில் காலை விட அதிகத் தொல்லை தரும் உறுப்பு வேறில்லை. முன்னங்காலில் வலியுள்ள குதிரையைக் கடினமான தரையில் துள்ளுநடையில் ஓடவிட்டால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும்; நல்ல கால் படும்போது தலை தாழும். இதனைப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஓடும் குதிரையில் இதைப் பிடித்துக்கொள்ளக் கண் பழக வேண்டும். நூறு குதிரைகளைப் பார்த்த பிறகுதான் கண் பழகும். கால் எதுவென்று தெரிந்த பின் குளம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். லாட ஆணி உயிருள்ள சதைக்கு மிக அருகில் இறங்கியிருக்கிறதா, அடிப்பாகத்தில் கல் குத்திச் சீழ் பிடித்திருக்கிறதா, குளம்பில் வெப்பம் அதிகமா என்றெல்லாம் தேட வேண்டும். லாடம் அடிக்கத் தெரிந்தவருக்கு இது எளிது. தெரியாதவர் காலின் மேற்பகுதி முழுவதும் தைலம் பூசிக்கொண்டிருப்பார். நோய் கீழே குளம்புக்குள் இருக்கும்.

இரண்டாவது வயிற்று வலி. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. தின்றது உள்ளே ஊறி உப்பிவிட்டால் வெளியேற வழியில்லை. சில வேளைகளில் இரைப்பை வெடித்தே இறந்துவிடும். நடுநிசியில் லாயத்தில் புரண்டு, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் குதிரையிடம் போனவுடன் வைத்தியர் தாடையின் கீழ் விரல் வைத்து நாடி பார்ப்பார். ஓய்விலுள்ள வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை நாடி துடிக்கும். அது இரு மடங்காகிவிட்டால் நிலைமை மோசம். விலாவில் காதை வைத்துக் குடலின் இரைச்சலைக் கேட்பார். இரைச்சலே இல்லையென்றால் இன்னும் மோசம். சாதாரண வாயுக்கோளாறா, குடல் முறுக்கிக்கொண்டதா என்பதை அந்த இருட்டில், அழுதுகொண்டிருக்கும் உரிமையாளருக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது கொள்வனவுச் சோதனை. குதிரைச் சந்தை ஏமாற்றுக்குப் பேர் போனது. குதிரையின் வயதை முன்பற்களின் தேய்வை வைத்துக் கணிப்பார்கள். கிழட்டுக் குதிரையின் பல்லைக் குடைந்து சூடு வைத்து இளங்குதிரையாகக் காட்டும் வியாபாரிகள் இருந்தார்கள். தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்து ஒரு குதிரை வாங்கவிருக்கும் வண்டிக்காரருக்கு வைத்தியரின் ஒரு வார்த்தைதான் பாதுகாப்பு. இங்கே அறிவோடு சேர்ந்து நேர்மையும் சோதிக்கப்படுகிறது.

இவற்றோடு மூக்கால் சீழ் வடியும் கொடிய குதிரைத் தொற்று நோயையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். அது மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடியது. சாதாரணத் தடிமன் என்று நினைத்தால் லாயக்காரரின் உயிரே போய்விடும். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மயக்க மருந்து 1840களின் பிற்பகுதியில்தான் வைத்திய உலகுக்கு வந்தது. அதற்கு முன்னர் சத்திர சிகிச்சை என்றால் கயிறு, தோள் வலிமை, விரைவு ஆகிய மூன்றையுமே நம்ப வேண்டியிருந்தது.

கிளைட் வீதியில் மாணவர்கள் விரிவுரை கேட்டார்கள், உடலை அறுத்துப் படித்தார்கள். ஆனால் விரிவுரை முடிந்து வெளியே வந்தால் முற்றத்தில் நோயுற்ற மிருகங்கள் காத்திருந்தன. அவை பாடத்துக்காகத் தேடிப்பிடித்துக் கொண்டுவரப்பட்டவை அல்ல. டிக்கின் தொழிலுக்கு நகரெங்குமிருந்து வந்தவை. காலையில் கேட்டதை மாலையில் தொட்டுப் பார்க்க முடிந்தது. குதிரையோடு மாடு, ஆடு, நாய் என்று எல்லாவற்றையும் அங்கே கற்பித்தார்கள். ஏனெனில் ஊர்ப்புறத்துக்குப் போகும் வைத்தியரைத் தேடி எல்லாமே வரும். கல்வி முடிந்ததும் எடின்பரோவின் பெயர் பெற்ற வைத்தியர்களும் அனுபவமுள்ள தொழிலாளர்களும் அமர்ந்து மாணவரை வாய்மொழியாகப் பரீட்சித்தார்கள். தேறியவருக்கு ஹைலண்ட் சங்கத்தின் சான்றிதழ் கிடைத்தது.

கல்லூரியைத் தாங்கிய சகோதரி

இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத இன்னொருவர் வில்லியமின் சகோதரி மேரி டிக். இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. கணக்குவழக்கு, வீட்டு நிர்வாகம், மாணவர்களின் ஒழுக்கம் எல்லாம் மேரியின் பொறுப்பில் இருந்தன. தம்பி வெளியே நோயாளி மிருகங்களோடு ஓடித்திரிந்த வேளைகளில் கல்லூரியின் கண்ணும் காதும் அவரே. வீட்டை விட்டு முதன்முறையாக நகருக்கு வந்த கிராமத்துப் பையன்கள் குடியிலும் சூதிலும் விழாமல் இருக்க அவரது கண்டிப்பு காரணமாயிற்று. பெண்கள் கல்லூரிகளில் பதவி வகிப்பது மிக அரிதாயிருந்த காலத்தில், பெயர்ப் பலகையில் இல்லாத ஒரு நிர்வாகியாக அவர் இருந்தார். எமது பாடசாலைகளிலும் பெயர்ப் பலகையில் இல்லாத இத்தகையவர்கள் இருக்கிறார்கள்; விழாக்களில் அவர்களை யாரும் அழைப்பதில்லை.

அங்கீகாரமும் முரண்பாடும்

1844 இல் அரச பட்டயம் ஒன்றின் மூலம் பிரித்தானியாவில் மிருக வைத்தியம் ஒரு கௌரவமான தொழிலாக அங்கீகரிக்கப்பட்டு, அதற்கென ஒரு தொழிற்சபை உருவானது. லண்டனிலும் எடின்பரோவிலும் கற்றவர்கள் அதன் உறுப்பினர்களானார்கள். கொல்லன் பட்டறையின் தொழில் சட்டத்தின் முன் மதிப்புப் பெற்ற நாள் அது. ஆனால் பரீட்சையை யார் நடத்துவது, சான்றிதழை யார் வழங்குவது என்பதில் டிக்குக்கும் லண்டன் தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. பிற்பாடு அவர் தமது மாணவர்களை ஹைலண்ட் சங்கத்தின் பரீட்சைக்கே அனுப்பினார். இந்த இரட்டைச் சான்றிதழ் முறை அவரது மறைவுக்கும் பிந்தி, 1881 இன் சட்டம் வரும்வரை நீடித்தது.

டிக்கைக் குறையே இல்லாதவராகக் காட்ட வேண்டியதில்லை. 1840களில் பிரித்தானிய மாடுகளிடையே நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் ஒன்று பரவியது. அது ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குத் தொற்றுவதல்ல என்பதே டிக்கின் நிலைப்பாடு. அவரது கல்லூரியில் சிறிது காலம் கற்பித்த இளைஞர் ஜோன் கேம்ஜி இதற்கு நேர்மாறான கருத்துடையவர். நோய் தொற்றக்கூடியது, மிருகங்களின் நடமாட்டத்தைத் தடுக்காமல் அதை ஒழிக்க முடியாது என்று அவர் வாதாடினார். இருவரும் பிரிந்தார்கள். 1857 இல் கேம்ஜி அதே நகரில் போட்டிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். தொற்று பற்றிய விடயத்தில் கேம்ஜி சொன்னதே சரியென்று காலம் நிரூபித்தது.

நாற்பது வருட அனுபவம் ஒருவரை ஏன் இப்படித் தவறான இடத்தில் நிறுத்தியது? அனுபவம் தன் முற்றத்துக்கு வந்ததை மட்டுமே காட்டும். முற்றத்துக்கு வெளியே, கப்பலிலும் சந்தையிலும், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு நோய் நகர்வதை அது காட்டாது. அதைக் காண வேறு வகையான படிப்பு வேண்டும். டிக்கின் கல்லூரியிலேயே அந்தப் படிப்புக்கான விதை இருந்தது. அவரது மாணவராயிருந்து பின்னர் ஆசிரியரான ஜோன் பார்லோ நுணுக்குக்காட்டியைக் கொண்டு கற்பித்தவர். ஆனால் அவர் 1856 இல் இளம் வயதிலேயே காலமானார். கையனுபவம் இல்லாத படிப்பு உதவாது என்று தமது வாழ்க்கையால் காட்டிய டிக், புதிய படிப்புக்குச் செவிகொடுக்காத அனுபவமும் போதாது என்பதைத் தமது பிழையால் காட்டிச் சென்றார்.

விட்டுச் சென்றது

1866 ஏப்ரல் 4 ஆம் திகதி வில்லியம் டிக் காலமானார். தமது சொத்தை எடின்பரோ நகர நிர்வாகத்தின் பொறுப்பில் ஒப்படைத்து, கல்லூரி தொடர்ந்து நடைபெற வழி செய்திருந்தார். அதற்குள் அவரது மாணவர்கள் நூற்றுக்கணக்கில் நாலா திசையும் பரவிவிட்டார்கள். 1860களில் ஜேம்ஸ் மெக்கோல் கிளாஸ்கோவிலும், அன்ட்ரூ ஸ்மித் கனடாவின் டொரொன்டோவிலும், டங்கன் மெக்எக்ரன் மொன்ட்ரியலிலும் மிருக வைத்தியக் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். மூவரும் கிளைட் வீதி முற்றத்தில் நின்றவர்கள்தான்.

டிக்கின் கல்லூரி பிற்காலத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியானது. இன்று நகருக்கு வெளியே குதிரைகளுக்கென்றே தனி வைத்தியசாலையோடு இயங்குகிறது. வகுப்பறையை அடுத்து நோயுற்ற மிருகம் நிற்கும் அந்தப் பழைய ஏற்பாடு மட்டும் மாறவில்லை. பட்டம் பெற்ற முதல் நாளே ஒரு வைத்தியருக்கு என்னென்ன தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியலிட்டுப் பயிற்றுவிப்பது இன்று பிரித்தானிய மிருக வைத்தியக் கல்வியின் அடிப்படை விதி.

இந்தச் சிந்தனை எமக்கு அந்நியமானதல்ல. அரபு மொழியில் மிருக வைத்தியருக்குப் பைத்தார் என்று பெயர். மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயரை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மிருக வைத்தியரின் மகன் என்பதே அதன் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அந்நாசிர் முஹம்மதின் குதிரை லாயத்தில் பணியாற்றிய அபூபக்ர் அல்பைத்தார், குதிரை வைத்தியம் பற்றி விரிவான நூல் எழுதினார். அந்த நூலின் பெயரே இரண்டு கலைகளைப் பற்றிப் பேசுகிறது: ஒன்று வைத்தியம், மற்றொன்று குதிரையைப் பழக்குதல். குதிரையைப் பழக்கத் தெரியாதவர் அதற்கு வைத்தியம் பார்க்க முடியாது என்பது அன்றைய அறிஞர்களுக்கு விளக்க வேண்டிய விடயமாக இருக்கவில்லை.

எமது நிலை என்ன?

எமது ஆசிரிய கலாசாலைகளில் கற்பித்தல் பயிற்சி என்று ஒரு பகுதி இருக்கிறது. அழகான பாடக்குறிப்பு எழுதும் மாணவ ஆசிரியர், நாற்பது பிள்ளைகளின் முன் நின்றதும் சொல்லடைத்துப் போவதைக் கண்டிருக்கிறோம். அவரது குறிப்பில் எந்தப் பிழையும் இருக்காது. பிள்ளைகளின் முகத்தை வாசிக்கக் கண் பழகியிருக்காது, அவ்வளவுதான். ஓடும் குதிரையின் தலையசைவைக் காணத் தெரியாத மாணவரின் நிலையும் இதுவே. கற்பித்தல் பயிற்சியைச் சில வாரச் சடங்காக முடித்துவிட்டு, நல்ல ஆசிரியர்கள் இல்லையே என்று பிறகு வருந்துவதில் நியாயமில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எமது சமூகத்தில் தையல், மேசன் வேலை, மரவேலை, இயந்திரம் திருத்துதல், விவசாயம், கால்நடை வளர்ப்பு என்று எத்தனையோ கைத்தொழில்கள் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. பிள்ளை படித்துவிட்டால் அந்தத் தொழிலின் பக்கமே திரும்பக்கூடாது என்பது பெற்றோரின் ஆசை. படித்த பிள்ளை தந்தையின் தொழிலைச் சொல்ல வெட்கப்படுகிறான். வில்லியம் டிக் தந்தையின் பட்டறையிலிருந்து தப்பி ஓடுவதற்காகப் படிக்கவில்லை. படித்ததை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே திரும்பி வந்தார். அதனால்தான் அந்தத் தொழில் உயர்ந்தது. அதோடு அவரும் உயர்ந்தார். தந்தையை விட்டுத் தான் மட்டும் உயர்ந்த பிள்ளைகள் எமது ஊர்களில் ஏராளம். தந்தையின் தொழிலையும் உயர்த்திய பிள்ளைகள் எத்தனை பேர்?

ஊர்தோறும் கட்டடங்கள் கட்டுகிறோம், நிலையங்கள் திறக்கிறோம். ஒரு தொழிற்பயிற்சி நிலையம் கட்டும்போது முதலில் கேட்க வேண்டியது மண்டபம் எத்தனை பேர் அமரக்கூடியது என்பதல்ல. உண்மையான வேலை அதன் வாசலுக்கு வருமா என்பதே. தச்சு பயிலும் இடத்துக்கு ஊராரின் உடைந்த கதிரை வர வேண்டும். இயந்திரம் பயிலும் இடத்துக்கு மீனவரின் பழுதான படகு இயந்திரம் வர வேண்டும். கால்நடை வளர்ப்புப் பயிலும் இடத்துக்குப் பண்ணையாளரின் நோயுற்ற மாடு வர வேண்டும். கற்பவர் அவற்றைத் தொட வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று திருத்த வேண்டும். மாலையில் அது ஏன் அப்படி ஆனது என்பதை நூல் வைத்து விளக்க ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. 50 பவுண் உதவியோடும் தந்தையின் உலையோடும் தொடங்கிய கல்லூரியில் கற்றவர்கள் கடல் கடந்தும் கல்லூரிகள் கட்டினார்கள். எமது ஊர்களிலும் நல்ல கைகள் இருக்கின்றன, படித்த தலைகளும் இருக்கின்றன. இரண்டும் ஒரே முற்றத்தில் சந்திக்க இடம் ஒதுக்குவது எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை.